யோலிமாவின் பொன் வளையத் தகடு

யோலிமா தீபாக்கிரா நின்றுகொண்டே பட்டம் வாங்கியவள். எங்கள் ஊரான ஃபாக்காவிலிருந்து தலைநகர் பொகோட்டாவுக்குப் போகும் விடிகாலைப் பேருந்தில், படித்த வருஷங்களில் ஒரு நாளாவது அவள் உட்கார்ந்து போனதாக எனக்கு நினைவில்லை. ஒரு கை மேல்கம்பியில் இருக்கும், மறு கையில் விரித்த புத்தகம். பூப்பண்ணைக்குப் போகும் பெண்கள் நாங்கள் பாதி வழியிலேயே இறங்கிவிடுவோம். இறங்கும்போது யாராவது ஒருத்தி அவள் புத்தகத்தை எட்டிப் பார்ப்பாள்.

"ஏண்டி, இதப் படிச்சு முடிச்சா ரோஜா முள்ளு குத்தாதா?"

"குத்தும். ஆனா யாரு குத்தினாங்கன்னு சொல்லத் தெரியும்."

அவள் அம்மா இஸ்மேனியாவும் நானும் எல் ரெமான்சோ பண்ணையில் ஒரே கூடாரத்தில் வேலை செய்தோம். பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் நீளநீளமான ரோஜாப் பாத்திகள். எனக்கு அடுத்த பாத்தி இஸ்மேனியாவுக்கு. மகள் கணக்குப்பிள்ளைப் படிப்பு படித்து, பண்ணை அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வேண்டும் என்பது அவளுடைய ஆசை. மகளோ இயற்பியலில் சேர்ந்துவிட்டு வந்து சொன்னாள்.

"அதப் படிச்சவள எந்தப் பண்ணைக்காரன் வேலைக்கு வைப்பான்?" என்று இஸ்மேனியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒருத்தனும் வைக்கக் கூடாதுன்னுதாம்மா படிக்கறேன்."

அப்போதே அந்த வீட்டில் இன்னொரு விஷயம் தொடங்கியிருந்தது. இஸ்மேனியாவால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பிறகு காப்பிக் கோப்பை தட்டில் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. ஒரு நாள் கத்தரி கை நழுவி, அவளுடைய பூட்ஸிலேயே குத்தி நின்றது. பண்ணை மருத்துவர் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வயசாகிவிட்டது, நரம்புத் தளர்ச்சி, வாழைப்பழம் சாப்பிடுங்கள் என்றார். அவளுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை.

யோலிமா அம்மாவைக் கையைப் பிடித்து மறுபடியும் அந்த அறைக்குக் கூட்டிப்போனாள். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"எங்க அம்மாவுக்கு வயசாச்சுன்னு சொன்னீங்களாம். அவங்களுக்கு மூத்தவங்க எங்க பெரியம்மா. மலைமேல மாடு கறக்கறாங்க. அவங்க கை ஏன் சார் நடுங்கல?"

"நீ டாக்டருக்குப் படிக்கறியா?"

"இல்ல. கேள்வி கேக்க டாக்டருக்குப் படிச்சிருக்கணுமா?"

மருத்துவர் அடுத்த ஆளை வரச் சொன்னார். வெளியே வந்ததும் இஸ்மேனியா மகளைத் திட்டிய திட்டு பேருந்து நிலையம்வரை நீண்டது. யோலிமா பதில் பேசவே இல்லை. அவள் பேசாமல் இருந்தால் எங்களுக்குப் பயம் வந்துவிடும். எதையோ முடிவு செய்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

பட்டம் வாங்கி, மேற்படிப்பும் முடித்து, அதே பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். டாக்டர் பட்டம் வாங்கவில்லை. எங்கள் தெருப் பெண்கள் அதைப் பொருட்படுத்தாமல் அவளை "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள். பாதி கேலி, பாதி பெருமை.

அவள் வேலை செய்த ஆய்வகத்துக்குத் தலைவர் எவரிஸ்தோ பின்சோன். நல்ல மனிதர், ஆனால் கதவைத் தட்டினாலே திடுக்கிடுகிறவர். அங்கே என்னதான் செய்கிறாய் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் வைத்துக் கேட்டேன். என் கணவர் எலியேசர் அப்போது தன் டிப்ளே கிட்டாரை மடியில் வைத்து நரம்புகளை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். யோலிமா எழுந்து போய், வாயிலிருந்த சூயிங்கத்தில் துளி கிள்ளி ஒரு நரம்பில் ஒட்டினாள்.

"இப்ப மீட்டுங்க."

சுருதி இறங்கிவிட்டது. எலியேசர் முகம் சுளித்தார்.

"அவ்வளவுதான் நுபியா. பிளாஸ்டிக் தாள் மேல தங்கத்துல குட்டிக் குட்டி வளையமா வரைவோம். ஒரு பக்கம் வாய் பிளந்த வளையம். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, தங்கத்தூள் தெளிச்ச மாதிரி மினுங்கும். அதுக்கு மெட்டா பரப்புன்னு பேரு. ஒவ்வொரு வளையத்துக்கும் சொந்தமா ஒரு சுருதி இருக்கு. டெராஹெர்ட்ஸ்னு ஒரு அலை, ரேடியோவுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவுல. அத மேல அனுப்பினா அந்தச் சுருதி கேக்கும். வளையத்து மேல எதாவது ஒட்டியிருந்தா சுருதி இறங்கும். எவ்வளவு இறங்குதோ அத வச்சு எவ்வளவு ஒட்டியிருக்குன்னு சொல்லிடலாம்."

"நரம்ப நீதான் தொடச்சுக் குடுக்கணும்" என்றார் எலியேசர்.

கேட்க எளிதாக இருந்தது. செய்வது அப்படி இல்லை. வெறும் வளையத்துக்கு விஷமும் ஒன்று, வெல்லப்பாகும் ஒன்று. எது ஒட்டினாலும் சுருதி இறங்கும். அதனால் பூச்சிமருந்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒரு பூச்சை வளையங்களின் மேல் பரப்ப வேண்டும். பிசைந்த மாவில் சாவியை அழுத்தி எடுத்தால் பள்ளம் விழுகிறதல்லவா, அந்தப் பள்ளத்தில் அந்தச் சாவிதான் உட்காரும், அப்படி ஒரு பூச்சு என்றாள். அது கைகூடவே வருஷக்கணக்கில் ஆனது. அவளுக்குப் பொறுமை கிடையாது. சரியாக உலராத பூச்சை அவசரப்பட்டு எடுத்து, தொகுதி தொகுதியாகத் தகடுகளைக் கெடுத்திருக்கிறாள். கெடுத்துவிட்டு மழையைத் திட்டுவாள். திட்டுவதிலும் பாதி நியாயம் உண்டு. அந்த அலைக்குத் தண்ணீர் ஆகாது. துணி, அட்டை எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும் அலை, ஈரக் காற்றில் செத்துப்போகும். எங்கள் சமவெளியில் ஈரம் இல்லாத காற்றுக்கு எங்கே போவது.

பூச்சு ஒருவழியாகக் கைகூடிய வருஷம், அன்னையர் தினத்துக்கு முந்தைய வாரங்கள். பூவுக்கு அதுதான் பெரிய பருவம். உலகத்தில் உள்ள அம்மாக்களுக்கெல்லாம் ரோஜா அனுப்ப, இங்கே உள்ள அம்மாக்கள் இருட்டோடு எழுந்து போவார்கள். மருந்து தெளித்தால் கூடார வாசலில் சிவப்புக் கொடி கட்டுவார்கள். கொடி இறங்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்பது சட்டம். அந்தப் பருவத்தில் கொடி பேருக்கு ஏறிப் பேருக்கு இறங்கியது. காலையில் தெளித்த கூடாரத்துக்குள் மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்களை அனுப்பினார்கள். இலைகள் இன்னும் பளபளவென்று ஈரமாக இருந்தன.

நான் பாத்தி நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணுக்குள் பிளாஸ்டிக் கூரை சுற்றியது, வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் வந்து, "காலைல ஒண்ணும் சாப்பிடாம வந்திருப்பீங்க" என்றான். நான் அன்று காலை சாப்பிட்ட ஆரெப்பா ரொட்டியை அவன் செருப்பின் மேலேயே கக்கிக் காட்டினேன்.

நாங்கள் புகார் செய்தோம். பண்ணையின் வேளாண் இஞ்சினியர் லியோனிடாஸ் கமார்கோ எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். எப்போதும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, குரலை உயர்த்தாத பேச்சு. "தெளிச்சது காத்தோட போயிடும்மா. இலையில ஒண்ணும் நிக்காது. எங்ககிட்ட எல்லாப் பரிசோதனையும் இருக்கு." எந்தப் பரிசோதனை, எந்த நாளில் எடுத்தது என்று கேட்டதற்குச் சிரித்தார்.

அந்த ஞாயிறு யோலிமா ஒரு பை நிறையப் பஞ்சும் சாராயக் குப்பியுமாக என் வீட்டுக்கு வந்தாள். கூடாரத்தில் வேலை செய்யும் பெண்கள் பலரும் அங்கே இருந்தார்கள்.

"வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தரம், வந்தப்புறம் ஒரு தரம் கையத் தொடச்சுக் குடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

"கைரேகை பாக்கறியாடி டாக்டரம்மா?" என்றாள் ஒருத்தி.

"ஆமாக்கா. முதலாளியோட ரேகைய உங்க கையில பாக்கப் போறேன்."

பயந்தவர்கள் உண்டு. கொடுத்தவர்களும் உண்டு. அந்தப் பஞ்சுகளைச் சாராயத்தில் ஊறவைத்துப் பிழிந்து, தகட்டில் சொட்டுவிட்டு, காயவைத்துப் பார்த்தாள். போகும்முன் துடைத்த பஞ்சில் சுருதி அப்படியே நின்றது. வந்தபின் துடைத்த பஞ்சில் இறங்கியது. எல்லோருக்கும் இல்லை, ஆனால் தெளித்த அன்றே கூடாரத்துக்குள் போன அத்தனை பேருக்கும் இறங்கியது.

பின்சோன் அந்தக் கோடுகளைத் திரையில் வெகுநேரம் பார்த்தாராம். "இது இன்னும் குழந்தை, யோலிமா. ஆய்வகத்துக்குள்ள ஒழுங்கா நிக்குது. வெளிய எடுத்துட்டுப் போனா நிக்குமான்னு நமக்கே தெரியாது. சான்றிதழும் இல்ல."

"சான்றிதழ் வர்ற வரைக்கும் அவங்க மூச்சு விடாம இருப்பாங்களா சார்?"

விஷயம் மேலே போனது. பூ ஏற்றுமதியாளர்களோடு பல்கலைக்கழகத்துக்கு ஏதோ உடன்பாடு இருந்தது. மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு, இந்த வேலையை இன்றோடு நிறுத்து, கருவி பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது என்றார்.

"கருவி உங்களுதுதான் சார். கை எங்களுது" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். உட்காரச் சொல்லாமலே அவளை நிற்கவைத்துப் பேசியிருந்தார்கள். அதனால் எழுந்துவிட்டாள் என்று நான் சொல்வதும் தவறு. திரும்பிவிட்டாள்.

இதற்கிடையில் எங்கள் புகார் தொழிலாளர் துறைக்குப் போய், மார்லேனி என்ற ஆய்வாளர் வந்திருந்தார். பேனாவைக் காதில் செருகிக்கொள்ளும், யாரையும் நம்பாத ஒரு பெண்மணி. சனிக்கிழமை எங்கள் பேட்டைச் சமுதாயக் கூடத்தில் இரு தரப்பையும் கேட்பதாகச் சொன்னார். யோலிமா தன் தகட்டைப் பற்றிச் சொன்னபோது கமார்கோதான் முதலில் ஆர்வம் காட்டினார்.

"நல்லது. மேடம் அவங்க கையாலயே சில குப்பி கலந்து வைக்கட்டும். எதுல மருந்து, எதுல வெறும் தண்ணின்னு இந்தப் பொண்ணு எல்லார் முன்னாடியும் சொல்லட்டும். சொல்லிட்டா நாங்க வாய மூடிக்கறோம். சொல்லலன்னா அவங்க மூடிக்கணும்."

"சரி" என்றாள் யோலிமா, நான் அவள் முழங்கையைக் கிள்ளிக்கொண்டிருக்கும்போதே.

கருவி வேண்டுமே. ஆய்வகத்தில் ஒரு பழைய பெட்டி இருந்தது. பயணப்பெட்டி அளவுதான், தூக்கிப்போகலாம். பின்சோன் அதைக் காலால் தட்டி, "இத ரிப்பேருக்கு அனுப்பணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டிருக்கேன். ரிப்பேர் பண்றவன் ஃபாக்கா பக்கம் இருக்கானான்னு கேட்டுப் பாரு" என்றாராம். அவர் வாழ்க்கையில் அதைவிடத் துணிச்சலாக எதுவும் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெட்டி வந்தது. ஏப்ரல் மழையும் கூடவே வந்தது. ஈரத்தை உறிஞ்ச, புதுச் செருப்புப் பெட்டிகளில் போட்டிருக்கும் உப்புக்கல் மாதிரியான மணிப் பொட்டலங்கள் வேண்டும் என்றாள். பேட்டை முழுக்கப் பெண்கள் அலமாரிகளைக் குடைந்தார்கள். மருந்துக்கடைக்காரி மாத்திரைப் புட்டிகளிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஏற்கெனவே ஈரம் குடித்திருந்த மணிகளை ரொட்டிக்கடை கஸ்தோதியோவின் அடுப்பில் தட்டுத்தட்டாகக் காயவைத்தோம். அன்று அவர் கடைக்கு வந்தவர்கள், தட்டிலிருப்பது புது மாதிரி பிஸ்கட்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"சாப்பிட்டா ஒரு வாரத்துக்குத் தாகம் தீராது, எடுத்துக்கோங்க" என்றார் கஸ்தோதியோ.

சனிக்கிழமை மதியம் கூடம் நிரம்பி வழிந்தது. எல்லோரும் அரைநாள் வேலை முடித்து, மழையில் நனைந்து, கம்பளி ருவானாவைப் போர்த்தியபடியே வந்திருந்தார்கள். நனைந்த கம்பளியிலிருந்து ஆவி எழும்பியது. யோலிமா கண்ணாடிப் பெட்டிக்குள் காய்ந்த மணிகளைக் கொட்டி, தகட்டை வைத்து மூடி, கருவியை ஓட்டினாள். திரையில் கோடு பற்கள் பற்களாகக் குதித்தது. சுருதியைக் காட்டவேண்டிய பள்ளம் எது, ஈரத்தின் பள்ளம் எது என்று தெரியவில்லை.

"மழையில நனைஞ்சது இவங்க. ஜலதோஷம் பிடிச்சது உங்க மெஷினுக்கு" என்றார் கமார்கோ.

யோலிமா திரும்பிப் பார்த்தாள். "எல்லாரும் வெளிய போங்க."

"யாருடி இவ, எங்களுக்காகப் பேச வந்துட்டு எங்களையே வெரட்டறா?"

"உங்க ருவானாதான்க்கா இப்ப கமார்கோவுக்குச் சாட்சி சொல்லுது. போங்க வெளிய."

முணுமுணுத்தபடியே போனார்கள். கதவுக்கு வெளியே, தாழ்வாரம் போதாமல், பாதிப் பேர் மழையிலேயே நின்றார்கள். உள்ளே மார்லேனி, கமார்கோ, யோலிமா, ருவானாவை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வந்த நான். இஸ்மேனியாவும் மூலையில் ஒரு நாற்காலியில், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். வேலையை எப்போதோ விட்டிருந்த அவள் காலையிலிருந்தே அங்கே இருந்ததால் உலர்ந்திருந்தாள். கோடு மெல்ல அடங்கியது.

மார்லேனி சமையலறையில் தானே கலந்த குப்பிகளைக் கொண்டுவந்து வைத்தார். எதில் எது என்பது அவருக்கு மட்டும் தெரியும். யோலிமா ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்து, தகட்டில் விட்டு, காயவைத்து, கழுவி, மறுபடி காயவைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு குப்பிக்கும் புதுத் தகடு. அவளுக்கே இல்லாத பொறுமையை எங்கிருந்தோ கடன் வாங்கி வந்தவள்போல இருந்தாள். பிறகு சொன்னாள். இது சுத்தம். இதில் மருந்து. இது சுத்தம். இதிலும் மருந்து. மிச்சமெல்லாம் சுத்தம்.

கதவைத் திறந்தார்கள். மார்லேனி உரக்கச் சொன்னார். "மருந்துன்னு சொன்ன ரெண்டும் மருந்துதான். சுத்தம்னு சொன்னதுல ஒண்ணு வெல்லத் தண்ணி, ஒண்ணு சோப்புத் தண்ணி, ஒண்ணு வெறும் தண்ணி." கூட்டம் கத்த ஆரம்பித்தது. மார்லேனி கையை உயர்த்தினார். "இருங்க. கடைசிக் குப்பியில கொஞ்சமா மருந்து கலந்திருந்தேன். அத இந்தப் பொண்ணு சுத்தம்னு சொல்லிட்டா. தப்பு."

கமார்கோ மெதுவாகக் கைதட்டினார். "இந்த மெஷின நம்பித்தான் ஒரு பண்ணையையே மூடச் சொல்றாங்க."

வெளியே நின்றவர்கள் முகங்கள் தொங்கிப்போயின. யாரோ பின்னாலிருந்து, "பேசாம கணக்குப்பிள்ளைக்கே படிச்சிருக்கலாம்" என்றார்கள்.

யோலிமா நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "தப்புத்தான். ஒத்துக்கறேன். கொஞ்சமா இருந்தா என் தகட்டுக்குக் கண்ணு தெரியல. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன், இஞ்சினியர் சார். மருந்து இல்லாத குப்பிய எதையாவது மருந்துன்னு சொன்னேனா?"

கமார்கோ கைதட்டுவதை நிறுத்தினார்.

"வெல்லத் தண்ணிய விஷம்னு சொன்னேனா? சோப்ப விஷம்னு சொன்னேனா? இந்தத் தகடு தப்புப் பண்ணினா உங்க பக்கமாத்தான் சார் தப்புப் பண்ணுது. இருக்கறத இல்லன்னு சொல்லும். இல்லாதத இருக்குன்னு சொன்னத இன்னிக்கு யாராச்சும் பாத்தீங்களா? அப்படிப்பட்ட தகடு இவங்க கையப் பாத்து இருக்குன்னு சொல்லுது. அப்ப எவ்வளவு இருக்கும்னு நீங்களே நெனச்சுப் பாருங்க."

மார்லேனி காதிலிருந்த பேனாவை எடுத்தார்.

"இன்னிக்குக் காலைல தெளிச்ச கூடாரத்துல யாரு வேலை செஞ்சது?"

நான் கையைத் தூக்கினேன். அவரே பஞ்சை எடுத்து என் கையைத் துடைத்தார், விரல் இடுக்கு விடாமல். யோலிமா தொடவே இல்லை. சொட்டு விட்டு, காயவைத்துப் பார்த்தார்கள். திரையில் அந்தப் பள்ளம், சுருதி இறங்கியதற்கு அடையாளமாக, இடப்பக்கம் நகர்ந்து போய் நின்றது. குப்பிகளில் நகர்ந்ததைவிட அதிகமாக.

"சார், உங்க கையும் குடுங்க" என்றாள் யோலிமா கமார்கோவிடம்.

அவர் தயங்கினார். மார்லேனி பார்த்துக்கொண்டிருந்ததால் நீட்டினார். அந்தப் பஞ்சையும் பார்த்தார்கள். பள்ளம் அசையவில்லை.

"சுத்தமா இருக்கு" என்றாள் யோலிமா. "கூடாரத்துக்குள்ள போனாத்தானே."

அப்போதுதான் சிரித்தார்கள். மழையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இஸ்மேனியா மட்டும் சிரிக்கவில்லை. தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்து மடிமேல் வைத்தாள். அவை நடுங்கிக்கொண்டிருந்தன. யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அப்படியே வைத்துக்கொண்டாள்.

இந்தத் தகடு சொல்வதைச் சாட்சியாகப் பதிவு செய்ய முடியாது, ஆனால் மாதிரி எடுக்க எனக்கு இது போதும் என்றார் மார்லேனி. அன்று மாலையே பண்ணைக்குப் போய் இலைகளையும் கையுறைகளையும் முத்திரையிட்டு எடுத்துச்சென்றார். பெரிய ஆய்வகத்தின் முடிவு வர வெகுநாள் ஆயிற்று. அதற்குள் அன்னையர் தினம் முடிந்து, பூவெல்லாம் உலகத்தின் பூச்சாடிகளில் வாடியும்போயிருக்கும். முடிவு வந்தபோது அது யோலிமா சொன்னதையே சொன்னது. இப்போது எல் ரெமான்சோவில் கொடி இறங்காமல் யாரும் உள்ளே போவதில்லை. கூடாரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை நடக்கிறது. முடிவை அவரவர் கையில் கொடுக்கிறார்கள்.

என்னை முதலில் பூக்கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள், பிறகு வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். யோலிமாவின் ஒப்பந்தத்தைப் பல்கலைக்கழகம் அந்த வருஷம் புதுப்பிக்கவில்லை.

"புதுப்பிக்கலன்னா போகட்டும். நான் பழசாவே இருந்துக்கறேன்" என்றாள். சொன்ன விதம் வேடிக்கையாக இருந்தாலும் அன்று அவள் கண் சிவந்திருந்தது. அந்த ஆய்வகம் அவளுக்குக் கோயில் மாதிரி. அதை நான் அறிவேன். இப்போது எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பாடம் நடத்துகிறாள். பெட்டி சமுதாயக் கூடத்தின் பின்னறையில் இருக்கிறது. பின்சோனைக் கேட்டால் இன்னும் ரிப்பேரில்தான் இருக்கிறது என்பார். பழைய மாணவர்கள் யாரிடமாவது புதுத் தகடுகளைக் கொடுத்தனுப்புகிறார். கொஞ்சமாக இருந்தாலும் கண்டுபிடிக்கும் பூச்சுக்காக இருவரும் தொலைபேசியில் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அவள் எங்கள் பக்கம் என்று நினைத்தவர்களுக்கு ஒரு பாடம் காத்திருந்தது. வேலை போன பிறகு நானும் எலியேசரும் எங்கள் துண்டு நிலத்தில் ஸ்ட்ராபெர்ரி போட்டோம். சந்தைக்குப் போகும் காய்கனிகளையும் பார்க்கிறேன் என்று யோலிமா ஒரு நாள் ஆரம்பித்தாள். எங்கள் கூடையிலிருந்தும் ஒரு பழம் எடுத்தாள். மறுநாள் சந்தை நடுவில் எலியேசர் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, இந்தக் கூடைய இன்னிக்கு விக்காதீங்க. மருந்து அடிச்சு எத்தன நாளாச்சு?"

"ஏம்மா, நம்ம வீட்டுச் சோத்தத் தின்னவ நீ. உனக்கு நாங்களும் கமார்கோவும் ஒண்ணா?"

"நுபியா புருஷன் அடிச்சா விஷம் இனிக்குமாண்ணா?"

எலியேசர் அந்தப் பருவம் முழுவதும் அவளோடு பேசவில்லை. நானும் சில வாரங்கள் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. எனக்கும் கோபம்தான், அவமானமும்கூட. கூடையைக் கொட்டிக் குழி தோண்டி மூடினோம். அடுத்த பருவம் அவர் மருந்து அடித்தபோதெல்லாம் பாத்தி முனையில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டினார். யாரும் அவரைக் கட்டச் சொல்லவில்லை. முதல் கூடையைத் தானே யோலிமாவிடம் கொண்டுபோய் வைத்து, "பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

இஸ்மேனியாவின் நோய் வேலையால் வந்தது என்று இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பல வருஷத்துக்கு முந்தைய விஷம் இன்று எந்தத் தகட்டிலும் தெரியாது. யோலிமாவே அதைச் சொன்னாள், அம்மாவின் முகத்துக்கு நேராக. அம்மாவும் மகளும் ஒவ்வொரு விசாரணைக்கும் பொகோட்டா போகிறார்கள். ஒவ்வொரு முறையும் தள்ளிவைக்கிறார்கள். "அவங்களுக்குச் சலிச்சுப் போகட்டும், எனக்குச் சலிக்காது" என்கிறாள் இஸ்மேனியா. மகளுக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று நான் இப்போதெல்லாம் யாரையும் கேட்பதில்லை.

போன மாதம் பூ ஏற்றுமதியாளர்கள் யோலிமாவைத் தங்கள் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். கமார்கோவும் இருந்தாராம், அதே இஸ்திரிச் சட்டை. காப்பி வரவழைத்தார்கள். எல்லாப் பண்ணைகளுக்கும் இந்தத் தகட்டைக் கொண்டுவரலாம் என்று இருக்கிறோம், நீங்களே தலைமை ஏற்று நடத்துங்கள், தனி ஆய்வகம், தனிக் கார் என்றார்கள். இந்த முறை உட்காரவைத்துத்தான் பேசினார்கள்.

"ரொம்ப சந்தோஷம்" என்றிருக்கிறாள் யோலிமா. "முடிவ எங்க ஒட்டுவீங்க?"

"புரியல."

"கூடார வாசல்ல ஒட்டுவீங்களா? உள்ள போற பொம்பளைங்க படிக்கற மாதிரி?"

அது நிர்வாகத்தின் உள்விவகாரம், தரக்கட்டுப்பாட்டுக்காக மட்டும் என்றார்கள்.

"அப்ப எனக்குக் காப்பி வேண்டாம்" என்று எழுந்துவிட்டாள்.

வாசல்வரை கூடவே வந்த கமார்கோ, "உங்களுக்கு என்னதான் வேணும்? அந்தக் கருவி நாளைக்கு எல்லார் கையிலயும் வந்துடும். நீங்க இல்லாமலும் நாங்க நடத்துவோம்" என்றாராம்.

"நடத்துங்க சார். எல்லார் கையிலயும் வரட்டும். முதல்ல கூடாரத்துல இருக்கறவங்க கையில வரட்டும்."

இதைச் சமுதாயக் கூடத்தின் பின்னறையில் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே மணிகளைத் தட்டில் பரப்பினாள். வெளியே பெண்கள் வரிசையில் நின்றார்கள். பக்கத்துப் பண்ணையிலிருந்து புதிதாக வந்திருந்த ஒருத்தி கதவருகே தயங்கி, பெயர் சொல்லவேண்டுமா என்று கேட்டாள்.

"பேரு வேண்டாம். கையக் கொண்டா" என்றாள் யோலிமா. "அதுக்கு முன்னாடி அந்த ருவானாவ வெளிய கழட்டிப் போட்டுட்டு வா."